ஓடும் காலுக்கு ஓய்வும் ஒரு பயிற்சியே



இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் அண்மிக்கும் காலத்திலே, கல்லடிக் கடற்கரையிலும் வாவிக்கரை வீதிகளிலும் வெபர் விளையாட்டரங்கிலும் நம் பிள்ளைகள் விடியற்காலையில் ஓடிப் பழகுவதைக் காணலாம். அவர்களுட் சிலர் இடைநடுவே காலில் நோவு கண்டு ஒதுங்க நேர்கின்றது. ஓடத் தெரிந்த பிள்ளைக்கு உட்கார்ந்திருக்கத் தெரிவதில்லை. அந்நாட்களை எவ்வாறு கழிப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

ஓட்டத்தினால் வரும் ஊறுகள் இருவகையின. கணுக்கால் பிரளுதல், தொடையின் பின்தசை கிழிதல் என்பன கணப்பொழுதில் நேர்வன. மற்றைய வகை சிறுகச் சிறுகச் சேர்வது. பயிற்சியைத் திடீரெனக் கூட்டும்போது, எலும்பும் தசைநாணும் தம்மைச் சீர்செய்ய அவகாசமின்றித் தளர்கின்றன. முழந்தாளுக்குக் கீழே முன்னெலும்பில் ஓரிடத்தைத் தொட்டால் மாத்திரம் நோவதும், ஓட ஓட அந்நோவு மிகுவதும், எலும்பில் நுண்ணிய வெடிப்பு உண்டானமைக்கு அறிகுறிகளாகலாம். அத்தகைய வெடிப்பு ஆறுவதற்குப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்கள் செல்லும். கால் பிரண்டபின் நான்கு அடிதானும் எடுத்துவைக்க இயலாவிடின், எண்ணெய் தடவிக் காலம் போக்காது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். புதிய வீக்கத்தை அழுத்தி உருவுதல் தீங்கு பயக்கும்.

ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலை உயர்த்திவைத்தல் என்னும் நான்கையும் 1978ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின் எடுத்துரைத்தார். பனிக்கட்டியை நெடுநேரம் வைத்தால் ஆறுதல் தாமதப்படலாம் என்று பின்னாளில் அவரே தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். எனவே நோவு தணியுமளவுக்குச் சிறிது நேரம் வைத்தலே போதும்.

ஓய்வென்பது படுத்துக்கிடத்தல் அன்று. ஏறக்குறைய இரண்டு வாரம் முற்றாக ஓய்ந்திருந்தால், பெற்ற வலு குறையத் தொடங்கும். ஆகவே நொந்த உறுப்பை விட்டு, மற்றைய உறுப்புகளுக்கு வேலை கொடுக்கவேண்டும். 1984ஆம் ஆண்டில் ஜோன் பெனோய்ற் என்னும் அமெரிக்க வீராங்கனைக்கு முழந்தாளில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. கால் ஓடாத நாட்களில் அவர் கைகளாற் சுழற்றும் இயந்திரத்திலே பயிற்சி செய்தார். பதினேழு நாட்களின்பின் தெரிவுப் போட்டியில் வென்று, அவ்வாண்டே பெண்களுக்கான முதலாவது ஒலிம்பிக் மரதனிலும் தங்கம் பெற்றார். அவ்வேகம் வைத்தியர் மேற்பார்வையில் இருந்தவருக்கே உரியது. நாம் கொள்ளவேண்டியது அவர் சோம்பியிராத தன்மையையே.

நமது சமதரையிலே சைக்கிள் மிதித்தலும், நீந்துதலும் நல்ல மாற்றுப் பயிற்சிகள். ஆயினும் நம் வாவியில் முதலைகள் உண்டு. பாதுகாப்பு அறியாத இடத்தில் எவரும் இறங்கலாகாது.

மீளும்போது அவசரம் ஆகாது. முதலில் நோவின்றி நடத்தல். பின்னர் ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை. இடையிடையே ஒரு நாள் ஓய்வு. தளர்ந்த மணல் கெண்டைக்காலை வருத்தும். அலையோரச் சரிவிலோ ஒரு கால் மேலும் மறுகால் கீழுமாக விழும். ஆதலால் முதற் சில வாரங்கள் உறுதியான சமதரையே தக்கது.

இனி, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வார்த்தை. பல பிள்ளைகள் நோவை மறைக்கின்றனர். நொண்டினால் அணியில் இடம் போய்விடும் என்ற அச்சமே காரணம். வறிய வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பதக்கம் எத்துணைப் பெரியதென்பதை நாம் அறிவோம். அதனாலேயே, "இவ்வொரு ஓட்டத்தை மட்டும் ஓடிவிடு" என்று கட்டுப்போட்டு அனுப்புதல் கொடுமையாகும். குதிக்கால் நோவோடு 1988இல் சியோல் சென்ற பீ. ரீ. உஷா முதற்சுற்றோடு வெளியேறினார். அடுத்த ஆண்டு டெல்லியில் நடைபெற்ற ஆசிய மெய்வல்லுநர் போட்டியிலோ, நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் அவருக்குக் கிட்டின. ஒரு பருவம் தவறினால் மறுபருவம் வரும். கால் கெட்டால் வாராது.

நொந்த பிள்ளையை மைதானத்திலிருந்து விலக்கிவிடாதீர்கள். நேரம் குறிக்கும் கடிகாரத்தை அவன் கையிற் கொடுங்கள். இளையோருக்குப் புறப்படும் முறையைக் கற்பிக்கச் சொல்லுங்கள். தன் இடம் காத்திருக்கிறது என்று அறிந்த பிள்ளை நோவை மறைக்கமாட்டான், பொறுத்திருக்கவும் கற்றுக்கொள்வான்.