கடல் கடந்தும் கமழும் பஞ்சாமிர்தம்

திருத்தணிகை என்றதும் அடியார் உள்ளத்தில் முதலில் எழுவது, மலையேறும் 365 படிகளும், சூரபத்மனோடு பொருத சினம் தணிந்து சாந்த மூர்த்தியாய் நிற்கும் பெருமானின் திருக்கோலமும்தான். ஆறுபடை வீடுகளுள் ஐந்தாவதான இத்தலத்துக்கு இனிப்போடு இணைந்த வரலாறு ஒன்றும் உண்டு. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775 - 1835), காசியிலிருந்து திரும்பிய பின் இம்மலைக்கு வந்து தியானத்தில் ஆழ்ந்திருந்தார். அப்போது முதியவர் ஒருவர் தோன்றி, அவரை வாய் திறக்கச் சொல்லி, நாவில் கற்கண்டு இட்டு மறைந்தார் என்பது மரபு. வந்தவர் தணிகை வேலனே என்று உணர்ந்த தீட்சிதர், மாயாமாளவகௌளை இராகத்தில் 'ஸ்ரீநாதாதி குருகுஹோ' என்னும் கிருதியை அருளினார். அன்று முதல் 'குருகுஹ' என்பதே அவர்தம் முத்திரையாயிற்று.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் என் மனையாள். ஆடிக் கிருத்திகையன்று பூக்காவடிகள் மலையேறும் வேளையில், வீட்டில் தன் கையால் பஞ்சாமிர்தம் பிசைந்து வேலவனுக்கு நிவேதித்த பிறகே உணவு கொள்வது, திருமணமான நாள் முதல் அவள் தவறாது காத்துவந்த விரதம். முழங்கால் வலியால் படியேற இயலாமற்போன பின்னும் அந்த நிவேதனம் நின்றதில்லை.

மகனுடன் சில மாதங்கள் தங்குவதற்காகக் கனடா நாட்டுக்கு நாங்கள் புறப்பட்டபோது, அவ்வாண்டின் ஆடிக் கிருத்திகை அங்கேதான் வரும் என்று தெரிந்தது. முன்னேற்பாடாகப் பழநிப் பஞ்சாமிர்த டப்பா ஒன்றைக் கைப்பையில் வைத்துக் கொண்டாள். விமான நிலையச் சோதனையில் அதை எடுத்து வைத்துவிட்டார்கள். கூழ்போன்ற பொருள் எதுவாயினும் 100 மில்லி லிட்டருக்கு மேல் கைப்பையில் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. அவர்கள்மேல் குறையில்லை, அறியாதது எங்கள் பிழையே. ஆயினும் அவள் வழிநெடுகப் பேசவேயில்லை.

டொரண்டோ நகரின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவில் தமிழர் கடைகளுக்குக் குறைவில்லை. தேன், நெய், ஏலக்காய், பேரீச்சை அனைத்தும் கிடைத்தன. வாழைப்பழம்தான் நம் மலைவாழை அன்று. நீண்டு பருத்த, நீர்ச்சத்து மிகுந்த மஞ்சள் பழம். கிருத்திகைக்கு இரு வாரம் முன்பு ஒரு நாள் ஒத்திகை பார்த்தாள். பழத்தையும் சர்க்கரையையும் மிக்சியில் இட்டு அரைத்தாள். பாயசம்போல் நீர்த்துப் போயிற்று. மறுநாள் காலையில் புளிப்பு வாடை வீசிற்று. "அந்நிய மண்ணின் பழம் சுவாமிக்கு ஆகாது போலிருக்கிறது. இந்த ஆண்டோடு என் விரதம் முடிந்தது" என்று கண்கலங்கினாள்.

அவ்வாரம் கோயிலில் யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவரைச் சந்தித்தோம். செய்தியைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "மிக்சியிலை அடிக்காதேங்கோ அம்மா, கையாலை பிசைஞ்சால்தான் பதம் வரும்" என்றார். போர்க்காலத்தில் ஊரை விட்டு வந்தவர். நல்லூர்க் கந்தனின் தேரைக் கண்டு முப்பது ஆண்டுகள் ஆயினவாம். அந்த முப்பது ஆண்டுகளிலும் இந்த மஞ்சள் பழத்தில்தான் அவர் கந்தனுக்குப் பஞ்சாமிர்தம் படைத்து வருகிறார். அதைக் கேட்டபின் என் மனையாள் மறுவார்த்தை பேசவில்லை.

அவர் கற்பித்த முறையைப் பிள்ளைகளோடு அயல்நாட்டில் வாழும் அன்பர்களுக்காக இங்கே தருகிறேன்.

தோலில் கரும்புள்ளிகள் விழுமளவு நன்கு கனிந்த பழங்கள் ஆறு எடுத்துக்கொள்க. பச்சை மாறாத பழத்தில் இனிப்பும் இராது, மணமும் இராது. சிறிய, தடித்த வாழையினம் கிடைக்குமாயின் மிக நன்று. மலேசியா, சிங்கப்பூர் அன்பர்களுக்குப் 'பீசாங் மாஸ்' என்னும் சின்னப்பழம் மிகவும் ஏற்றது. ஈரமில்லாத எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் பழத்தை உரித்துப் போட்டு, கையால் பிசைக. ஒரு துளி நீரும் படலாகாது. அதுவே முதல் விதி.

அடுத்து நாட்டுச் சர்க்கரை ஒரு கிண்ணம், அதாவது சுமார் 200 கிராம். அது கிடைக்காத ஊரில், தென்னமெரிக்க மக்கள் நடத்தும் கடைகளில் 'பனேலா' என்ற பெயரில் விற்கும் கட்டியைத் துருவிக்கொள்ளலாம். அதுவும் கரும்புச்சாற்றைக் காய்ச்சி எடுத்த வெல்லமே. சர்க்கரை சேர்ந்ததும் பழம் நீர்விடும், அஞ்ச வேண்டா. விதை நீக்கிப் பொடியாக நறுக்கிய பேரீச்சை பதினைந்து சேர்த்தால், அது அந்த நீரை உறிஞ்சிப் பதத்தைக் கெட்டியாக்கும். பின்னர் தேன் இரண்டு மேசைக்கரண்டி, உருக்கி ஆறவைத்த பசுநெய் இரண்டு மேசைக்கரண்டி, பொடித்த ஏலக்காய் நான்கு. கற்கண்டைக் கரையவிடாமல் இறுதியில் தூவுக. அரைமணி நேரம் மூடி வைத்துப் பின் நிவேதிக்கலாம்.

பழநியில் வழங்கும் பஞ்சாமிர்தம் பல நாள் கெடாதிருப்பதற்குக் காரணம், நீர்ச்சத்துக் குறைந்த மலைவாழையும், மிகுதியாகச் சேரும் சர்க்கரையும், நீரே சேராத செய்முறையும் ஆகும். 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆதலின் நாம் வீட்டில் பிசைவதைப் 'பழநிப் பஞ்சாமிர்தம்' என்று அழைப்பது முறையன்று. அது நம் வீட்டுப் பஞ்சாமிர்தம். குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாள்களுக்குள் உண்டு முடிக்க வேண்டும். நீரிழிவு உடையோர் பிரசாதம் என்ற அளவில் நுனிவிரலால் எடுத்துக் கொண்டால் போதும். தேன் கலந்திருப்பதால் ஒரு வயது நிரம்பாத பேரக்குழந்தையின் நாவில் இதைத் தடவுதல் கூடவே கூடாது. மருத்துவர்கள் வற்புறுத்திச் சொல்லும் எச்சரிக்கை இது.

அந்நிய மண்ணின் பழம் ஆகுமா என்ற ஐயம் எழுவோர்க்கு ஒன்று சொல்வேன். சிங்கப்பூரில் தண்டாயுதபாணி கோயிலை நகரத்தார் 1859இல் எழுப்பினர். மலேசியாவின் பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடைபெற்று வருகிறது. கப்பலில் பல நாள் கடந்து சென்ற அம்முன்னோர் பழநி மலைவாழையையா சுமந்து சென்றிருப்பர்? சென்ற மண்ணில் விளைந்த கனியையே கந்தன் முன் வைத்தனர், அவனும் ஏற்றான். ஏற்றதன் சான்றாகத்தான் அக்கோயில்கள் இன்றும் தழைத்து நிற்கின்றன.

அவ்வாண்டு ஆடிக் கிருத்திகையன்று விடியலில் நீராடி, மனையாள் பழத்தை உரிக்க அமர்ந்தாள். தமிழைத் தட்டுத் தடுமாறிப் பேசும் ஏழு வயதுப் பேத்தி, "பாட்டி, நானும்" என்று கைகழுவி வந்து உட்கார்ந்தாள். நாலு கைகள் சேர்ந்து பிசைந்தன. பிசையும்போதே பாட்டி தணிகை மலையின் கதையைச் சொன்னாள்; தீட்சிதரின் நாவில் முதியவர் கற்கண்டு இட்டதையும் சொன்னாள். நிவேதனம் ஆனதும் குழந்தை முதற் கரண்டியைத் தான் உண்ணாமல், "வாயைத் திற பாட்டி" என்று சொல்லி ஊட்டினாள். அதில் ஒரு கற்கண்டு இருந்தது. என் மனையாள் நெடுநேரம் அதை மெல்லாமல் நாவிலேயே வைத்திருந்தாள்.

ஊர் திரும்பியதும் மலைப்பாதையில் வண்டியிலேறிச் சென்று பெருமானைத் தரிசித்தோம். "விரதத்துக்குக் குறை நேர்ந்தது என்று வேண்டிக்கொண்டாயா?" என்று கேட்டேன். "குறையா? அடுத்த ஆண்டு குழந்தை தனியாகவே பிசைவேன் என்கிறாள், அதற்கு நன்றி சொன்னேன்" என்றாள்.

முதுமையில் பிள்ளைகளைத் தேடிக் கடல் கடக்கும் அன்பர்களே, டப்பாவைச் சுமக்க வேண்டா. கைப்பக்குவத்தைச் சுமந்து செல்லுங்கள். அதைப் பேரக்குழந்தையின் கையில் விட்டு வாருங்கள்.

வேலும் மயிலும் துணை.