கல்லை ஓரம் எடுத்து வைத்தவர்



காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரம் வரும். அதை ஒட்டியதுதான் எங்கள் ஊர் திருப்புட்குழி. விசயராகவப் பெருமாள் கோயிலால் பலருக்கும் தெரிந்த ஊர். புள் என்றால் பறவை. அடிபட்டு விழுந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று தலபுராணம் சொல்கிறது. கோயில் குளத்துக்கும் சடாயு தீர்த்தம் என்றுதான் பெயர். இந்தக் கதையைச் சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் வழியில் விழுந்தவரை எப்படி நடத்தணும் என்று நான் கற்றுக்கொண்டது கோயிலில் இல்லை. வயலுக்குப் போகும் சாலையில், எலி வேட்டைக்கு வரும் ஒரு இருளர் பெரியவரிடம்.

தை பிறந்தால் அந்தச் சின்னச் சாலை படும் பாடு உங்களுக்கும் தெரியும். அறுப்பு மிஷின் ஏற்றிய லாரி வரும். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் வரும். எதிரில் வைக்கோல் வண்டி வரும். நடுவில் மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதே நாட்களில்தான் இருளர் குடும்பங்களும் வேட்டைக்கு வருவார்கள். கடப்பாரை, மண்வெட்டி, மண்பானை, சாக்கு, கூடவே ஒரு நாய். அறுப்பு முடிந்ததும் வரப்பில் வளை வாய்கள் பளிச்சென்று தெரியும். உள்ளே எலி சேர்த்து வைத்த கதிரும் இருக்கும். அடுத்த போகத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டால் வேட்டை நடக்காது. நமக்கும் அவசரம், அவர்களுக்கும் அவசரம். இருப்பதோ ஒரே சாலை.

மூன்று ஆண்டுக்கு முந்தைய தை அது. என்னுடைய கிச்சிலிச் சம்பா அறுப்பு முடிந்திருந்தது. நெல்லைச் சாலையில் பாதி அகலத்துக்குப் பரப்பிக் காய வைத்தேன். வண்டி ஏறாமல் இருக்க ஓரமெல்லாம் கல் வைத்தேன். தேங்காய் அளவுக் கல், சிலது அதைவிடப் பெரிசு. சாயங்காலம் நெல்லை வாரி மூட்டை பிடித்தோம். இருட்டிவிட்டது. "கல்லைக் காலையில எடுத்துக்கலாம், நாளைக்கும் காய வைக்கணுமே" என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று ராத்திரி வேட்டை முடிந்து அந்தப் பெரியவரும் அவர் மகனும் மொபெட்டில் திரும்பியிருக்கிறார்கள். முன்விளக்கு மங்கல். கல்லில் ஏறி வண்டி சரிந்தது. மகனுக்குச் சிராய்ப்பு. பெரியவருக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

இதெல்லாம் எனக்கு மறுநாள் காலைதான் தெரியும். நான் சாலைக்குப் போனபோது கல் ஒன்றுகூட வழியில் இல்லை. எல்லாம் புளியமரத்தடியில் வரிசையாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் பெரியவரின் மகன் வந்தார். நடந்ததைச் சொன்னார்.

"கல்ல நாங்கதான் ஐயா ஓரமா வச்சோம். பின்னாடி எங்க பொம்பளைங்க, புள்ளைங்க நடந்து வந்துட்டு இருந்தாங்க. வேற யார்னா வந்தாலும் வுழுவாங்கன்னு அப்பாதான் எடுக்கச் சொன்னாரு. அவரும் ஒத்தக் கையால ரெண்டு எடுத்துப் போட்டாரு. அப்புறந்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்."

அவர் சண்டைக்கு வரவில்லை. காணாமல் போன கல்லைத் தேடி நான் அலையக் கூடாது என்று தகவல் சொல்ல வந்திருக்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ராத்திரில பாத்து வரக்கூடாதாடா?" என்றேன். அந்த 'டா' இப்பவும் என் காதில் குத்துகிறது. அவருக்கு அப்போதே நாற்பது வயசு இருக்கும்.

அந்த ஆண்டு அவர்கள் எங்கள் பக்கம் வேட்டைக்கு வரவில்லை. கை ஒடிந்த மனிதர் கடப்பாரை பிடிக்க முடியாது. நான் பேசிய பேச்சுக்கு மகனுக்கும் வர மனசில்லை. நான் அதைப் பெரிசாக நினைக்காமல் நவரைக்கு உழுது நட்டுவிட்டேன். வரப்புகளில் வளையெல்லாம் அப்படியே இருந்தது.

எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்று மேல். ஒரு ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டிகள் சாதாரணம். தையில் விட்ட ஒரு சோடி, பங்குனியில் பயிர் பொதி கட்டும்போது என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வயலின் நடுவே வட்டம் வட்டமாகத் தாள் சாய்ந்து கிடந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தாளும் அரிவாளால் சாய்த்து வெட்டியது போல இருக்கும். எலி தின்பது கொஞ்சம், வெட்டிப் போடுவதுதான் அதிகம். அந்த நவரையில் எனக்கு ஏக்கருக்கு ஏழு மூட்டை குறைந்தது.

பக்கத்து வயல்காரர் மருந்து வைக்கச் சொன்னார். கை அரித்தது என்றே சொல்வேன். ஆனால் இயற்கை உழவுக்கு வந்த பிறகு வயலில் விஷம் வைக்க மனம் ஒப்பவில்லை. துத்தநாகப் பாஸ்பைடுக்கு முறிவு மருந்தே கிடையாது. புரோமாடியோலோன் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடித் திரியும். அதைப் பிடிக்கும் கூகையும் ஆந்தையும் அதோடு சேர்ந்து சாகும். இன்னொன்றும் இருக்கிறது, அதை நாம் பேசுவதே இல்லை. வேட்டையில் பிடிக்கும் வயல் எலியை இருளர்கள் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். நாம் ரகசியமாக வைக்கும் மருந்து ஒரு குழந்தையின் சோற்றில் போய் விழலாம். எலிக்கும் பன்றிக்கும் என்று வயலைச் சுற்றிக் கம்பியில் மின்சாரம் விடுகிறார்களே, அதில் ராத்திரி வரப்பில் நடக்கும் மனிதர்களும் சாகிறார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விஷமில்லாமல் என் வயலைக் காத்துக்கொண்டிருந்தவர்களில் பாம்பும் கூகையும் போக மூன்றாவது ஆள் இந்தப் பெரியவர். அவரைத்தான் நான் என் கல்லால் விழ வைத்தேன்.

அவர்கள் வேலையை ஒரு நாள் நின்று பாருங்கள். வளையின் மற்ற வாய்களை எல்லாம் தேடி மண்ணால் அடைப்பார்கள். ஒரு வாயில் பானையைக் கவிழ்த்து, உள்ளே வைக்கோலும் பச்சைத் தழையும் போட்டுப் புகை மூட்டுவார்கள். பானையின் அடியில் உள்ள சின்ன ஓட்டையில் வாய் வைத்து ஊதுவார்கள். அந்தப் புகை அவர்கள் நெஞ்சுக்குள்ளும்தான் போகிறது. பிறகு தோண்டி எலியைப் பிடிப்பார்கள். எலிக்காய்ச்சல் அபாயமும் அவர்களுக்குத்தான். வளைக்குள் கிடைக்கும் நெல் அவர்களுடையது என்பது பழைய வழக்கம். "நம்ம நெல்லுதானே" என்று அதிலும் பங்கு கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவர்களின் கதையும் நமக்குத் தெரியணும். ஒரு காலத்தில் பாம்புத் தோல் வியாபாரத்தை நம்பிப் பிழைத்தவர்கள் இருளர்கள். 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் பிறகு தோல் ஏற்றுமதியும் நின்றது. பிழைப்பு போனது. 1978இல் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்களின் துணையோடு வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அங்கே நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விடுகிறார்கள். நாம் வரப்பில் கடிபட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால் போடும் மருந்து அந்த விஷத்திலிருந்து தயாராவது. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாடு விருது கொடுக்கிறது. நம் ஊர்ச் சாலையில் நாம் "டேய்" என்கிறோம்.

வேட்டைக்காரர் யாராக இருந்தாலும் வழிவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உத்திரமேரூர் தாண்டிப் போனால் வேடந்தாங்கல். அந்த ஏரியில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு உரச்செலவு குறைவு என்பது அந்த ஊர் உழவர்களுக்குத் தலைமுறையாகத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. துப்பாக்கி பிடித்தவனிடமே "இது எங்க ஏரி, சுடாதே" என்று சொன்ன உழவர்கள் நம் பகுதிக்காரர்கள். இன்றும் ராத்திரியில் பெரிய விளக்கோடு முயலும் கௌதாரியும் சுட வருகிறவர்கள் உண்டு. அது சட்டப்படி குற்றம். அவர்களுக்கு மரியாதை தேவையில்லை, வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும். எலி பிடிப்பவர் அப்படி இல்லை. அவர் நம் வயலைக் காக்க வருகிறவர்.

நவரை அறுப்பு முடிந்ததும் நான் பெரியவரின் குடிசைக்குப் போனேன். என் துணைவியாரும் வந்தார். மருத்துவச் செலவுக்கும் போன கூலிக்கும் முடிந்ததைக் கொடுத்தோம். "அண்ணா, என் தப்புதான்" என்றேன். அவர் சிரித்தார். "கல்லு யாருக்குத் தெரியும்னா எடுத்து வைக்கப் போவுது? வெச்சவங்கதான் எடுக்கணும் ஐயா" என்றார். "ஐயா வேணாம், தம்பின்னு கூப்பிடுங்க" என்றேன். அன்று அவர் வாயில் வரவில்லை.

பிறகு எங்கள் பக்கத்து வயல்காரர்கள் பத்துப் பேரும் அவர்கள் குடும்பத்தினரும் புளியமரத்தடியில் உட்கார்ந்து பேசினோம். எதையும் எழுதி வைக்கவில்லை. பேசி முடிவு செய்தது இவ்வளவுதான்.

உழவர் பக்கம்:

சாலை நெல் காய வைக்கும் இடமல்ல. முடிந்தவரை களத்திலோ தார்ப்பாயிலோ காய வைக்க வேண்டும். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரத்துக்கு மேல் எடுக்க மாட்டார்கள் என்ற அவசரத்தில் சாலைக்கு வந்தாலும், கல்லும் முள்ளும் வைக்கக் கூடாது. வைக்கோல் பிரி போட்டால் போதும். இருட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

மிஷினும் டிராக்டரும் வரும்போது எதிரில் மூட்டை சுமந்தோ குழந்தையோடோ நடந்து வருகிறவர்களைப் பார்த்தால் வண்டிதான் நிற்க வேண்டும். ஹாரன் அடித்து வாய்க்காலில் இறக்கக் கூடாது.

யாராவது எலி மருந்து வைத்திருந்தால் எந்த வயல், எந்த நாள் என்று வேட்டைக்கு வருகிறவர்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மின்கம்பி எந்தக் காரணத்துக்கும் கூடாது.

வளை நெல் அவர்களுடையது. அதுபோக நாள் கூலியும் உண்டு. வயசில் மூத்தவரை அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும்.

வேட்டைக்கு வருகிறவர்கள் பக்கம்:

வயலில் இறங்குவதற்கு முன் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை. அறுக்காத வயலில் கால் வைப்பதில்லை. தோண்டிய வரப்பை மண் போட்டு மிதித்து மூடிவிட்டுப் போவது. ஏரிக்கரையிலும் சாலை ஓரத்திலும் தோண்டுவதில்லை. புகைப்பானையின் நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைப்பது, சுற்றிலும் வைக்கோல் இருக்கிறதே. சாலையில் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்வது. வண்டியில் கடப்பாரையைக் குறுக்கே வைக்காமல் நீளவாக்கில் கட்டுவது.

இதோடு நாங்கள் வரப்பையும் ஒன்றரை அடிக்குமேல் அகலம் இல்லாமல் சுருக்கினோம். பெரிய வரப்புதான் எலிக்கு வீடு. வயலில் ஆந்தை உட்காரக் குச்சி நட்டோம். இரண்டு ஆண்டாக வெட்டு வெகுவாகக் குறைந்திருக்கிறது. முழுக்கப் போகவில்லை, போகவும் போகாது.

இந்தத் தையில் பெரியவர் வந்திருந்தார். மணிக்கட்டு முழுசாக மடங்குவதில்லை. கடப்பாரையைப் பேரன்தான் பிடிக்கிறான். வளை வாய் எங்கே இருக்கும் என்று இவர் காட்டுகிறார். சாயங்காலம் வேலை முடிந்ததும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"வரப்ப மூடியாச்சு தம்பி. ஒரு தரம் வந்து பாத்துடுங்க" என்றார்.

நண்பர்களே, உங்கள் ஊரிலும் அறுப்பு நடக்கும். வேட்டைக்கு வருகிறவர்களும் வருவார்கள். விஷமில்லாத உழவு என்று நாம் பேசுவதெல்லாம் வயலோடு நின்றுவிடக் கூடாது. ராத்திரி வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு தரம் சாலையில் நடந்து பாருங்கள். நீங்கள் வைத்த கல்லை நீங்களே எடுத்துவிட்டுப் போங்கள்.