உங்களுக்குத் தெரியுமா? குண்டூசித் தலையளவு பாதரசம்
கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணில் பாதரசம் கலந்திருந்தது. எடுத்த எடுப்பில் அள்ளிவிட முடியாது; கீழே சரிவில் பாம்பார் சோலை. மரத்தை வெட்டினால் மழையில் மண்ணோடு பாதரசமும் இறங்கும்.

இப்படிப்பட்ட நிலத்துக்கு முதலில் வரைபடம்தான். கட்டம் கட்டமாகப் பிரித்து, துளையிட்டு, மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பத்தடி தள்ளினாலே கணக்கு மாறலாம்: உடைந்த கண்ணாடி கொட்டிய மூலையில் நஞ்சு குவிந்திருக்கும், பக்கத்தில் பேருக்குக்கூட இருக்காது.

அங்கே மண்ணைச் சுத்தப்படுத்த வகுத்த இலக்கு, கிலோவுக்கு 20 மில்லிகிராம். பாதரசம் கனமானது அல்லவா, உருட்டினால் ஒரு குண்டூசித் தலையளவுதான்! அதுவே அதிகம் என்று சூழல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள்.