பிரேக் தூரம்: சாய்வு, பெருமம், வீச்சகம்

பிரேக் தூரம் என்பது பிரேக் பிடித்த கணம் முதல் வண்டி நிற்கும்வரை கடக்கும் தூரமாகும். திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் கார், லாரி தயாரிக்கும் ஆலைகள் பல உள்ளன. வாகனங்களைச் சோதிக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில் உள்ளது. ஒரு வண்டியின் பாதுகாப்பைச் சொல்லும் முதன்மை அளவுகளுள் பிரேக் தூரம் ஒன்று.

நேரிய சார்பு

மணிக்கு 54 கி.மீ., அதாவது வினாடிக்கு 15 மீ. வேகத்தில் செல்லும் வண்டியின் வேகம், பிரேக் பிடித்தபின் வினாடிக்கு 5 மீ./வி. வீதம் குறைவதாகக் கொள்வோம்.

வேகம் = 15 − 5 × நேரம்

இதன் வரைபடம் நேர்கோடு. சாய்வு எங்கும் −5. பெருமமும் சிறுமமும் முனைகளிலேயே அமைகின்றன: தொடக்கத்தில் 15, 3ஆம் வினாடியில் 0. வீச்சகம் [0, 15].

இருபடிச் சார்பு

தூரம் = 15 × நேரம் − 2.5 × நேரம்²

இவ்வளைவரையின் சாய்வு 15 − 5 × நேரம்; அதுவே அக்கணத்தின் வேகம். சாய்வு சுழியாகும் 3ஆம் வினாடியில் தூரம் பெருமமாகிறது: 45 − 22.5 = 22.5 மீ. வீச்சகம் [0, 22.5].

மதிப்பகத்தின் தேவை

நேரம் 6 எனப் பிரதியிட்டால் தூரம் 0 என வரும். வண்டி பிரேக் பிடித்த இடத்துக்கே திரும்பியதாக அது பொருள்படும். நின்ற வண்டி தானே பின்னோக்கி ஓடாது. எனவே மதிப்பகத்தை 0 முதல் 3 வினாடி என வரையறுத்த பின்னரே வீச்சகத்தைக் கூற வேண்டும்.

வேகம் இருமடங்கானால்

மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் நிற்கும் நேரம் 6 வினாடி, அதாவது இருமடங்கு. தூரமோ 90 மீ., நான்கு மடங்கு. நேரம் தொடக்க வேகத்தின் நேரிய சார்பு. தூரம் இருபடிச் சார்பு. ஓட்டுநர் சுதாரித்துப் பிரேக்கை மிதிப்பதற்குள் கடக்கும் தூரம் இதனுடன் கூடும். சாலை மழையில் நனைந்திருந்தால் இன்னும் நீளும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்செல்லும் லாரிக்குப் பின்னால் விடவேண்டிய இடைவெளி இந்த இருபடிச் சார்பைப் பொறுத்தது.