போனை அவர்கள் கையிலேயே விடுங்கள்

2025 ஆகஸ்ட் 21 அன்று, முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கேரளத்தை அப்போதைய முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். மேடைப் பேச்சை விடுங்கள். அந்தத் திட்டத்தின் மாணவர் பட்டியல்தான் சுவாரசியமானது. ஏறத்தாழ 83 லட்சம் குடும்பங்களில் கணக்கெடுத்து, இணையம் பயன்படுத்தத் தெரியாதவர்கள் என்று சுமார் 21.88 லட்சம் பேரைக் கண்டுபிடித்தார்கள். கற்று முடித்தவர்களில் 90 வயதைக் கடந்தவர்கள் மட்டும் 15,000 பேருக்கு மேல். எர்ணாகுளம் மாவட்டத்தில் நூறு வயதைத் தாண்டிய ஒரு பெரியவரும் அதில் இருந்தார்.

‘டிஜி கேரளம்’ என்ற இந்தத் திட்டம் தலைமைச் செயலகத்தில் பிறந்ததல்ல. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை கிராமப் பஞ்சாயத்து தன் அளவில் தொடங்கிய வேலை இது. 2022 செப்டம்பரில் அந்தப் பஞ்சாயத்து முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. பிறகு அதே முறையை மாநிலம் முழுக்க எடுத்துச் சென்றார்கள். கணினி அறை கட்டி, பெரியவர்களை அங்கே வரச் சொல்லவில்லை. நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டங்களில், நடக்க முடியாதவர்களுக்கு அவர்கள் வீட்டிலேயே பாடம் நடந்தது. சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். போனை ஆன் செய்வது, பெயர் பதிந்து வைப்பது, வீடியோவில் பேசுவது, தேடுவது, கரன்ட் பில் கட்டுவது, மோசடி அழைப்பை அடையாளம் காண்பது என்று பாடத்திட்டமும் எளிமையானதுதான்.

தேர்ச்சி விகிதம் 99.98 சதவீதம் என்றார்கள். பள்ளிக்கூடத்துத் தேர்வில் இப்படி ஓர் எண் வந்தால் நாம் முதலில் தேர்வைத்தான் சந்தேகிப்போம். ஒருமுறை செய்துகாட்டியவர் ஆறு மாதம் கழித்தும் தனியாகச் செய்கிறாரா என்பது வேறு கேள்வி. இருந்தாலும் கேரளம் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது: வயதுக்கு உச்சவரம்பு வைக்கவில்லை.

மத்திய அரசு வைத்திருந்தது. 2017-ல் ஒப்புதல் பெற்ற பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், 6 கோடிக் கிராமப்புறக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர் என்ற இலக்கோடு நடந்தது. பயிற்சி 20 மணி நேரம். 2024 மார்ச்சில் முடிந்தபோது இலக்கைத் தாண்டி 6.39 கோடிப் பேருக்குப் பயிற்சி கொடுத்திருந்தது. ஆனால் சேரத் தகுதி 14 வயது முதல் 60 வரை. ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, முதியோர் உதவித்தொகை என்று அரசோடு அதிகம் பேச வேண்டிய வயது தொடங்கும் இடத்தில் வகுப்புக் கதவு மூடிக்கொண்டது. வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கும் அப்படித்தான். அந்த ஒருவர் மகனாக இருந்தால், அம்மாவுக்கு வேண்டியதையும் அவனே செய்துவிடுவான் என்பது அதன் உள்ளர்த்தம். செய்துவிடுவான்தான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

சைக்கிள் கற்றவர்கள்

வயதில் மூத்தவர்களுக்குப் புதிதாக ஒன்றைக் கற்பிப்பதில் தமிழ்நாட்டுக்குச் சொந்த அனுபவம் உண்டு. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். கிராமப்புறப் பெண்கள் லட்சம் பேருக்கு மேல் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று அப்போது கேட்டவர்கள் இருந்தார்கள். பஸ்ஸுக்கோ, கணவனுக்கோ, அண்ணனுக்கோ காத்திருக்காமல் ஒரு பெண் தானே கிளம்பிப் போகலாம் என்பதுதான் தொடர்பு. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் கையெழுத்துப் போட்ட மனுவோடு கலெக்டர் அலுவலகத்துக்கு வந்தார்கள்.

என் அத்தை அப்போது அறிவொளித் தொண்டர். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமத்தில் சாயங்காலம் பாடம் எடுத்தவர். ரயில்வேயில் இருந்த மாமா இறந்த பிறகு அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. இப்போது அவர் மாணவி, பாடம் ஸ்மார்ட்போன், வாத்தியார் கல்லூரியில் படிக்கும் பேரன். பாடம் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

“நாங்க யாரு கையிலயும் சிலேட்டைப் பிடுங்கி எழுதிக் காட்டுனதில்ல தம்பி. அவுக கைதான் எழுதும். கோணலா வந்தாலும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்போம். இவன் போனை வாங்கி நாலு தட்டுத் தட்டி ‘முடிஞ்சிருச்சு அப்பத்தா’ன்னு குடுத்துர்றான். என்னத்த முடிச்சான்னு எனக்குத் தெரியல.”

முதியோர் கல்வி பற்றி நான் படித்த எந்த அறிக்கையும் இதைவிடத் தெளிவாக நோயைச் சொன்னதில்லை. பேரன் கெட்டவன் அல்ல, அவசரக்காரன். அவன் வேலையை முடிக்கிறான். அத்தைக்கு வேண்டியது வேலை முடிவது மட்டுமல்ல. தன் பணம் எங்கே போகிறது, யாருக்கு எதற்குச் சம்மதம் கொடுத்தோம் என்று தெரிய வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் பாஸ்புக்கைத் தானே வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர், இன்று தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பேரனிடம் கேட்கிறார்.

நீங்கள்தான் நீங்கள் என்று எப்படித் தெரியும்?

பெரியவர்கள் திணறுவது விரலால் அல்ல. தொடுதிரை ஒரு வாரத்தில் பழகிவிடும். திணறுவது, திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லாததால்.

ஓடிபியை எடுத்துக்கொள்வோம். வங்கிக் கவுன்டரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார், கையெழுத்தை ஒப்பிடுவார். இணையத்தில் முகம் இல்லை. அதனால் வங்கி, உங்கள் பெயரில் பதிந்திருக்கும் போனுக்குச் சில நிமிடங்களே செல்லும் ஓர் எண்ணை அனுப்புகிறது. அதைத் திருப்பிச் சொல்பவர் எவரோ, அந்த நேரத்துக்கு அவர்தான் நீங்கள். இதை ஒரு தடவை புரியவைத்துவிட்டால், யாரிடமும் சொல்லாதே என்று பத்துத் தடவை மிரட்ட வேண்டியதில்லை. அந்த எச்சரிக்கையும் பெரும்பாலும் எண்ணோடு ஆங்கிலத்தில்தான் வருகிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு அதில் புரிவது ஆறு இலக்கங்கள் மட்டுமே. காக்க வேண்டிய வாக்கியம் அவர் கண்ணில் படுவதே இல்லை.

யுபிஐ-யில் தெரிய வேண்டியது இன்னும் சிறியது. பணம் கொடுக்கத்தான் பின் எண் வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம். ‘உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், பின் எண்ணைப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று எவனாவது சொன்னால், அவன் அனுப்பவில்லை, எடுக்கிறான்.

எழுதுவது தனிக் கதை. போனில் தமிழ் எழுத நம் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கிக்கொள்கிறார்கள். அதற்கு முதலில் ஆங்கில எழுத்து தெரிய வேண்டும். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இதற்கு மாற்று. உயிரும் மெய்யும் தட்டினால் போதும், ஆங்கிலத்துக்கு வேலையில்லை. ஆனால் செட்டிங்ஸில் போய் அதை எடுத்துவைக்க வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. 2017-ல் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கு வந்தது பெரியவர்களுக்குப் பெரிய விடுதலை. அத்தை சொல்வதைப் போன் எழுதுகிறது. அறந்தாங்கிப் பேச்சு சில இடங்களில் அதற்குப் பிடிபடவில்லை. அத்தை அதனிடம் செய்தி வாசிப்பவர் போலப் பேசப் பழகிவிட்டார்.

திட்டு வாங்கியவர் சொல்ல மாட்டார்

இணையக் குற்றங்களில் 2024-ல் மட்டும் இந்தியர்கள் இழந்தது சுமார் ரூ.22,845 கோடி என்று உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு அது சுமார் ரூ.7,465 கோடி. எல்லா வயதினரும் ஏமாந்தார்கள். ஆனால் ‘டிஜிட்டல் கைது’ என்ற நாடகம், ஓய்வுக்காலப் பணத்தை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவர்களுக்கென்றே எழுதப்பட்டது போல இருக்கும். போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோவில் வருவான். உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டது என்பான். கேமராவை அணைக்காதே, வீட்டில் யாரிடமும் சொல்லாதே என்பான். பிறகு பணத்தைச் ‘சரிபார்ப்புக்கு’ மாற்றச் சொல்வான். வீடியோ அழைப்பில் ஒருவரைக் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே இல்லை.

யாரிடமும் சொல்லாதே என்ற கட்டளை ஏன் பலிக்கிறது? போனைப் பற்றிக் கேட்டாலே வீட்டில் ‘எத்தனை தடவை சொல்றது’ என்று பதில் வருவதால். சின்னச் சந்தேகத்துக்கே திட்டு வாங்கியவர், பெரிய தவறு நடந்துவிட்டதோ என்ற பயத்தில் மகனை அழைக்கவே மாட்டார். இழந்த பிறகும் இரண்டு நாள் மூடி வைப்பார். 1930 என்ற உதவி எண் இருப்பது, பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கத்தான். அதற்கு இரண்டு நாள் மிகத் தாமதம். மோசடித் தடுப்பு என்பது பொறுமையாகப் பதில் சொல்லும் ஒரு வீட்டு மனிதரில் தொடங்குகிறது. எந்தச் செயலியும் அதைச் செய்யாது.

எல்லாவற்றையும் கற்பவர் தலையில் கட்டவும் கூடாது. யுபிஐ-யில் தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை மோசடிக்காரர்கள் வருடக்கணக்கில் பயன்படுத்தினார்கள். கவனமாக இருங்கள் என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அந்த வசதியையே நிறுத்தியது. ஒரு விளம்பரமும் இல்லாமல் பெரியவர்களுக்கு ஒரு பாடம் குறைந்தது.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்தத் திசையில்தான். ஆசிட் வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள், கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லும் இணையவழி அடையாளச் சரிபார்ப்பைத் தங்களால் செய்ய முடியவில்லை என்று வழக்குத் தொடுத்தார்கள். டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். சரிபார்ப்பு முறைகளை எல்லோருக்கும் ஏற்ப மாற்றியமைக்கவும் உத்தரவிட்டது. கண்புரை உள்ளவர்களுக்கும் கை நடுங்குபவர்களுக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும்.

கைநாட்டு திரும்பி வந்த கதையும் உண்டு. அறிவொளிக் காலத்தில் பெருவிரலில் மை ஒட்டாமல் கையெழுத்துப் போடுவது கௌரவமாக இருந்தது. இன்று ரேஷன் கடையில் எம்.ஏ. படித்தவரும் விரலைத்தான் வைக்கிறார். வயதானால் ரேகை தேயும்; களையெடுத்த கைக்கும் பாத்திரம் தேய்த்த கைக்கும் இன்னும் சீக்கிரம் தேயும். கருவி ஏற்க மறுத்தால் வரிசையில் நிற்பவர் தான் ஏதோ தப்புச் செய்ததாகக் கூசிப்போகிறார். 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியவர்களின் வீட்டுக்கே ரேஷன் பொருளைக் கொண்டுபோகிறது. எண்பது வயதுக்காரரை அலையவிடாமல் வண்டி வந்து நிற்பதும் தொழில்நுட்பத்தை அறிந்த நிர்வாகம்தான்.

போன் பழக ஓய்வூதியர்களுக்கு ஒரு நல்ல பயிற்சிக்களம் இருக்கிறது. ஆண்டுதோறும் உயிரோடிருப்பதைச் சான்று காட்ட வேண்டும். 2014-ல் வந்த ஜீவன் பிரமாண் முறையில் முதலில் கைரேகையோ கருவிழியோதான் இருந்தது; 2021 நவம்பரில் முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வழி சேர்ந்தது. சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும். செயலி முதலில் ‘ஆபரேட்டர்’ யார் என்று கேட்கும். அதாவது இதை வேறொருவர் செய்துதருவார் என்றே அதுவும் நினைத்துக்கொள்கிறது. ஆனால் ஓய்வூதியரே தன்னை ஆபரேட்டராகப் பதிந்துகொள்ளலாம். அத்தை அப்படித்தான் செய்தார். பேரன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று நிபந்தனை போட்டார். முதலில் கண்ணாடியைக் கழற்றினார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார், அதன் பிறகுதான் கேமரா ஏற்றது. எஸ்எம்எஸ்-ஸில் வந்த சான்று எண்ணை ஒரு டைரியில் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார்.

ஊர்ப்புற நூலகங்களும் மகளிர் குழுக் கட்டடங்களும் இப்படி ஒரு வகுப்பு நடத்தப் போதும். மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயது நிரம்பியவர்கள் அக்டோபர் 1 முதலே சான்று கொடுக்கலாம், மற்றவர்களுக்கு நவம்பர். ஆக, வகுப்பைச் செப்டம்பரில் தொடங்குவது நல்லது. அவரவர் போன், அவரவர் கண்ணாடி, ஒரு நோட்டு, பேனா கொண்டுவரச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் வாசலில் உட்காரட்டும்.