பாட்டுக்கும் காப்புரிமை, மெஷினுக்கும் காப்புரிமை... ரெண்டும் ஒண்ணா?

சினிமா பாடல் வழக்கு பற்றிய செய்தியில் ‘காப்புரிமை’ என்று படிக்கிறோம். புதுசாக மெஷின் கண்டுபிடித்தவர் பற்றிய செய்தியிலும் அதே வார்த்தைதான். ஆனால் முதலாவது காப்பிரைட், இரண்டாவது பேட்டன்ட். இந்தியாவில் ரெண்டுக்கும் தனித்தனி சட்டம். இந்த வித்தியாசம் தெரியாமல் போனால், கண்டுபிடிப்பின் உரிமையே கைநழுவிப் போகலாம். எப்படி?

காப்பிரைட் எப்போது கிடைக்கும்?

கதை, பாட்டு, ஓவியம், போட்டோ, சாஃப்ட்வேர் கோடு என எதுவானாலும், உருவாக்கியதுமே தானாகக் கிடைத்துவிடும். 1957-ம் ஆண்டு சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. பதிந்து வைத்தால் கோர்ட்டில் ஆதாரமாக உதவும். எழுத்தாளரின் ஆயுள் முழுக்கவும், இறந்தபின் 60 ஆண்டுகளும் இந்த உரிமை நீடிக்கும்.

அப்போ, ஐடியாவை எடுத்துக்கொண்டால்?

அதை காப்பிரைட் தடுக்காது. ‘ஹம் ஹிந்துஸ்தானி’ என்ற தன் நாடகத்தைத்தான் ‘நியூ டெல்லி’ என்ற இந்திப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று ஆர்.ஜி.ஆனந்த் வழக்கு போட்டார். ரெண்டுமே மாநில வெறியைப் பேசியவை. ஆனால் கருவுக்கு காப்பிரைட் கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

பேட்டன்ட் எதற்கு?

புதிய பொருளுக்கு அல்லது தயாரிப்பு முறைக்கு. இது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். உலகில் எங்கும் வெளிவராததா, துறை தெரிந்தவருக்குச் சுலபமாகத் தோன்றாததா, தொழிலுக்குப் பயன்படுமா என்று சோதிப்பார்கள். கிடைத்தால், விண்ணப்பித்த நாளில் இருந்து 20 ஆண்டுகள். இந்தக் காலத்தில் இன்னொருவர் காப்பியடிக்காமல் தானாகவே கண்டுபிடித்திருந்தாலும், அனுமதி இல்லாமல் தயாரித்து விற்க முடியாது. காப்பிரைட்டில் இந்தத் தடை இல்லை.

சிக்கல் எங்கே?

ஓர் இளைஞர் வாட்டர் டேங்க்குக்குப் புது மாதிரி சென்சார் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது எப்படி வேலை செய்கிறது என்று யூடியூபில் விளக்கிவிடுகிறார். வீடியோவுக்கு காப்பிரைட் வந்துவிட்டது. ஆனால் சென்சார்? அது ஊருக்கே தெரிந்துவிட்டதால் இனி ‘புதுசு’ இல்லை. பிறகு பேட்டன்ட் கேட்டால் அந்த வீடியோவே அவருக்கு எதிரான ஆதாரம். அரசு அறிவித்த கண்காட்சி போன்ற சில இடங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. வீடியோவைப் பார்த்து அதே சென்சாரைச் செய்து விற்பவரை காப்பிரைட்டை வைத்துத் தடுக்கவும் முடியாது.

என்ன செய்யலாம்?

கண்டுபிடிப்பு முழுமையாகாவிட்டாலும் முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டு தேதியைப் பிடித்து வைக்கலாம். முழு விவரத்தை 12 மாதங்களுக்குள் தந்தால் போதும். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். பேட்டன்ட் அலுவலகம் சென்னை கிண்டியிலும் இருக்கிறது.

ஆக, கவிதை என்றால் எழுதியதுமே போஸ்ட் பண்ணலாம். கண்டுபிடிப்பு என்றால் முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் அப்லோடு.