கடல் வகுத்த அறையும் மாலை உடையும்

இலண்டனிலிருந்து நியூயோர்க் நகருக்கு ஆகாயவிமானம் சில மணி நேரத்திற் போய்ச் சேர்ந்துவிடுகின்றது. ஆயினும், சவுதாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ஏழு இரவுகள் கடல்வழியே அந்நகருக்குச் செல்வோரும் உளர். அவர்களை ஏற்றிச் செல்லும் 'குயீன் மேரி 2' என்னும் கப்பல் பிரான்சு தேசத்துச் சென் நசேர் தளத்திற் கட்டப்பெற்று, 2004ஆம் ஆண்டு சனவரியில் முதற் பயணம் புறப்பட்டது. நீளம் 1,132 அடி. பயணிகள் ஏறத்தாழ 2,600 பேர் தங்கலாம்.

இதனை மிதக்கும் ஹோட்டல் என்பாரை நாம் ஒப்புவதற்கில்லை. ஹோட்டல் கட்டுவோன் வீதியைப் பார்த்துக் கட்டுகின்றான். ஸ்டீபன் பெயின் என்ற கப்பற் சிற்பியோ வட அத்திலாந்திக் சமுத்திரத்தின் மாரிகாலத்து அலையைப் பார்த்தே அறைகளை வகுத்தார். பல்கனியுள்ள அறைகளுக்கே இக்காலத்தில் விருப்பம் மிகுதி. ஆனால், அலை மோதும் உயரத்தில் திறந்த பல்கனி வைத்தல் ஆபத்து. ஆதலால் அவற்றிற் பெரும்பாலானவற்றை உயர்ந்த தட்டுகளில் அமைத்தார். கீழ்த்தட்டுகளிலோ கப்பலின் உருக்குப் பக்கத்தையே வெட்டித் திறப்புகள் விட்டு, பல்கனிகளை உள்ளடக்கி வைத்தார். அங்கே நாற்காலியில் அமர்ந்தவருக்குத் தெரிவது உருக்குச் சுவர். எழுந்து நின்றாற்றான் கடல். காற்று அவ்வளவாக அடியாது என்பது ஓர் ஆறுதல்.

உயிர்காப்புப் படகுகளையும் அலைக்கு எட்டாதவாறு உயரத் தொங்கவிட்டார்கள். அதன் பயனாக, எட்டாந் தட்டிற் சில பல்கனிகளின் முன்னே கடற்காட்சிக்குப் பதிலாகப் படகே நிற்கின்றது. கப்பற் படத்தைப் பாராமல் அறை எடுப்போர் கவனிக்க!

சாளரமில்லாத உள்ளறைகளே விலை குறைந்தவை. அவற்றுள் 12 அறைகளுக்கு மட்டும் நடுமண்டபத்தை நோக்கிய சாளரம் உண்டு. தலைச்சுற்றலுக்கு அஞ்சுவோர் கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தட்டில் அறை கேட்பது நன்று. கிணற்றுத் துலாவின் நுனி எவ்வளவு ஏறியிறங்கினும் ஆடுகாலருகே அசைவு சிறிதே அன்றோ?

பகற்பொழுதுக்கு ஆயிரக்கணக்கான நூல்களுடன் நூல்நிலையமும், விண்மீன் காட்சி மண்டபமும் உள. நாய் பூனைகளுக்கும் தனிக் கூடம் உண்டு. அதன் வெளியே ஆங்கில நாய்களுக்கென லிவர்பூல் விளக்குக் கம்பமும், அமெரிக்க நாய்களுக்கென நியூயோர்க் தீயணைப்புக் குழாயும் நாட்டியிருக்கிறார்கள்!

மாலை ஆறு மணிக்கு மேல் உடைவிதி நடைமுறைக்கு வருகின்றது. விழா மாலைகளில் ஆடவர் கறுப்பு இராப்போசனக் கோட்டோ கருநிற முழு உடையோ அணிந்து கழுத்துப்பட்டியுங் கட்டவேண்டும். மாதர் நீண்ட கவுன் அணிவர். தத்தம் தேசிய உடையில் வரவும் விதி இடந்தருகின்றது. ஆகவே பட்டுச்சேலை உடுக்கும் நம் பெண்மணிகள் கவுன் தேடி அலையவேண்டியதில்லை. ஏனைய மாலைகளில் விதி இளக்கமானது. வேடம் பூண மனமில்லாதோர், தாமே உணவை எடுத்துண்ணும் சாலையில் வழக்கமான உடையுடன் பசியாறலாம்.

ஏழு நாளும் வெளியே போக வழியில்லாத இடத்தில், பகலையும் மாலையையும் பிரித்துக்காட்டும் இவ்வழக்கத்தை வீண் பகட்டென்று நாம் தள்ளமாட்டோம். நமக்குள்ள குறை வேறு. 1936இல் ஓடத்தொடங்கிய முதலாவது 'குயீன் மேரி'யில் மூன்று வகுப்புகளும், வகுப்புக்கொரு போசனசாலையும் இருந்தன. இன்று வகுப்பு என்ற சொல்லைக் காணோம். ஆயினும், எடுத்த அறையே உண்ணும் மண்டபத்தை நிருணயிக்கின்றது: பெருவிலை அறைக்காரருக்குக் 'கிரில்' என்னும் தனிச் சாலைகள், மற்றையோரிற் பெரும்பாலாருக்குப் 'பிரித்தானியா' மண்டபம். ஒரே விதிப்படி உடுத்து வந்தவர்கள் வெவ்வேறு வாயில்களால் உண்ணப் போகிறார்கள். நடன மண்டபம் மட்டும் எல்லோருக்கும் பொது.

மேற்கு நோக்கிய பயணத்தில் ஐந்து இரவுகள் கடிகாரத்தை ஒவ்வொரு மணி பின்வைப்பார்கள். அவ்விரவுகளில் ஆடுவோருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கின்றது. கசங்கிய உடுப்பைப் பற்றிக் கவலையில்லை; தாமே தோய்த்து மின்னழுத்திக்கொள்ளும் அறைகளும் கப்பலிலே கட்டணமின்றி உள.